தேனீக்கு வைத்த வேலி

“பெட்டி மேல யார் பேரும்மா எழுதணும்?” என்று கேட்டார் அந்தோணிசாமி. வெள்ளைப் பெயிண்ட் டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷை நனைத்துத் தயாராக வைத்திருந்தார்.

“அவரு பேரையே எழுதிடுங்க.”

“மாதர் சங்கத்துக்கு ஒதுக்குன பெட்டிம்மா இது. ஆம்பள பேர எழுதுனா மேலதிகாரி என்னெ உண்டு இல்லன்னு ஆக்கிடுவாரு.”

“அப்ப பக்கத்து வூட்டு ரசியா பேரு?”

“அவுங்க பெட்டியப் பாத்ததும் உள்ள போயி கதவ சாத்திக்கிட்டாங்க.”

அப்படித்தான் அந்தத் தேனீப் பெட்டி ஞானாம்பாள் பெயரில் வந்தது. ‘ஞானாம்பாள், புதுப்பாளையம், கடலூர்’ என்று அந்தோணிசாமி கொஞ்சம் சரிவாகத்தான் எழுதினார். இருந்தாலும் அவள் அதைத் தள்ளி நின்று பார்த்தாள், கிட்டப் போய்ப் பார்த்தாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் பெயர் போட்ட சாமான் அந்த வீட்டுக்குள் வருவது அதுதான் முதல் தடவை. சீர்ப் பாத்திரங்களில்கூட அவள் அப்பா பெயர்தான் வெட்டியிருந்தது.

அது அறுபத்தாறாம் வருஷம், தை மாதம். அந்தோணிசாமி தேனீ சங்கத்தில் பீல்டுமேன். சைக்கிள் காரியரில் பெட்டியும், காதோரத்தில் எப்போதும் ஒரு தேனீயுமாக ஊர் ஊராகப் போகிறவர்.

“தேன் எப்பங்க வரும்?”

“பூ இருந்தா வரும். பூ இல்லன்னா பெட்டியில நான் வந்து குந்திக்கிட்டாலும் வராது. செடி வைங்க, வேலி வைங்க. அடுத்த தை பொங்கல் கழிச்சி வந்து தெறந்து பாப்பேன். அடையில தேன் இருந்தா பெட்டி ஒங்களுக்கே. இல்லன்னா கேட்டு வச்சிருக்கிற அடுத்தவங்களுக்குப் போயிடும்.”

“அடுத்தவங்கன்னா யாரு?”

“செதம்பரத்துல ஒரு அம்மா. விருத்தாம்பாள்னு பேரு. ஒங்களுக்குச் சொந்தம்னு சொன்னாங்களே.”

ஞானாம்பாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். சொந்தம்தான். அவள் புருஷன் தேவநாதனின் கூடப் பிறந்த தங்கை.

விருத்தாம்பாளுக்குக் கெட்ட மனசு என்று யாரும் சொல்ல முடியாது. அவளுக்குக் கேட்கத் தெரியும், அவ்வளவுதான். “அண்ணே, அண்ணி இத சும்மாதானே வச்சிருக்காங்க” என்பாள். தேவநாதன் அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். தையல் மெஷின் ஒரு ரவிக்கை தைக்கப் போனது. வெண்கல உருளி ஒரு வளைகாப்புக்குப் போனது. ரேடியோ, விருத்தாம்பாள் புருஷன் சடையப்பனுக்குக் காலில் அடிபட்டபோது பொழுது போவதற்காகப் போனது. கால் சரியாகி அவர் ரைஸ்மில்லுக்குப் போய்வர ஆரம்பித்த பிறகும் ரேடியோ அங்கேயே பாடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஞானாம்பாள் ஒன்றும் சொல்ல மாட்டாள். உள்ளே போய் அன்றைக்கு மாவை ரொம்ப நைசாக அரைப்பாள்.

“இந்தப் பெட்டி மட்டும் பஸ் ஏறாது” என்று அன்று ரசியாவிடம் சொன்னாள்.

“யாரு சொல்லப் போறாங்க, நீங்களா?” என்றாள் ரசியா. பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில் கிணறு இருக்கும்படி பார்த்து நின்றுகொண்டிருந்தாள். அவள் புருஷன் லியாக்கத் அலி பினாங்கில் கடை வைத்திருந்தார். பரங்கிப்பேட்டையில் பிறந்தவள், வாய்க்குப் பயம் கிடையாது, ஈக்குத்தான் பயம்.

“நான் எதுக்குச் சொல்லணும்? தேன் வந்துட்டா பெட்டி தானா எனக்குத்தானே.”

*

இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த ஓலைப் படல் சித்திரைக் காற்றில் சாய்ந்துபோயிருந்தது. ஆடியில் புது வேலி வைக்கலாம் என்று இரண்டு பேரும் பேசினார்கள்.

“கிளுவ வைக்கலாமா?”

“கிளுவ ஆம்பளைங்க வைக்கிற வேலி கா. பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது.”

“ஆடாதொடை? ஆடும் தின்னாது, தேனீக்கும் புடிக்கும்னு அந்தோணிசாமி சொன்னாரு.”

“வைங்க. தெருவுல யாருக்கு இருமல் வந்தாலும் எல கேட்டு ஒங்க வாசல்ல வந்து இருமுவாங்க. மருதாணி வைப்போம். முள்ளும் இருக்கு, பூவும் கொத்துக் கொத்தா வரும். எங்க ஊருல மருதாணி பூத்தா அந்தப் பக்கமே போவ முடியாது, ஈயா மொய்க்கும்.”

“ஈன்னா ஒனக்கு பயமாச்சே.”

“பூ ஒங்க பக்கம் சாஞ்சி பூக்கட்டும்.”

மருதாணிப் போத்துகளை நட்டார்கள். அது போக ஞானாம்பாள் தன் பக்கத்தில் தேனீக்கென்று செம்பருத்தி வைத்தாள், நந்தியாவட்டை வைத்தாள், அரளி வைத்தாள், கிணற்றடி முழுக்கத் துளசி வைத்தாள். ஆடி, ஆவணி இரண்டு மாதமும் அவள் இடுப்புக்கும் கிணற்றுக்கும் ஓய்வில்லை. புரட்டாசி பிறக்கையில் தோட்டம் மொட்டு விட்டது.

தேவநாதன் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார்.

அவர் ஆபீசில் குமாஸ்தா, வீட்டில் பக்தர். திருவந்திபுரத்துப் பெருமாள் பெயர் வைத்ததாலோ என்னவோ, பூஜை என்றால் அவருக்குத் தனிப் பிரியம். வண்டு தொட்ட பூவைச் சாமிக்கு வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. அதனால் வண்டு எழுந்திருக்கும் முன்னால் அவர் எழுந்துவிடுவார். குளித்து, ஈர வேட்டியோடு, பூக்கூடையும் கையுமாகத் தோட்டத்தில் இறங்குவார். கிழக்கு வெளுத்துத் தேனீ பெட்டியை விட்டு வெளியே வரும்போது தோட்டத்தில் இலைதான் இருக்கும்.

“இருவது வருஷம் ஆச்சி, ஞானம்” என்றார் ஒருநாள், நிறைந்த கூடையோடு. “இத்தினி காலமா தெருத்தெருவா மதில் எட்டிப் பூ பறிச்சேன். இப்பத்தான் ஒனக்குத் தோணுச்சி பாரு. பெருமாள் கண்ண தொறந்துட்டாரு.”

ஞானாம்பாள் என்ன சொல்வாள்? சாமிக்குக் கொடுக்காதே, பூச்சிக்குக் கொடு என்றா? அன்றைக்கும் மாவு நைசாக அரைந்தது.

“ஒங்க ஈயெல்லாம் எங்க வூட்டுலதான் கா இருக்கு” என்று ரசியா வேலிக்கு மேல் எட்டிச் சொன்னாள். “முருங்க மரத்துல பாதி, கொத்தமல்லிப் பாத்தியில பாதி. நான் கொல்லைக்கி வந்து ரெண்டு நாளாச்சி. கூப்புட்டுக்கங்க.”

“ஒன் வூட்டுல பூவ யாரும் பறிக்கல. அதான்.”

“அண்ணன்கிட்ட வாயத் தொறந்து சொன்னா என்ன?”

“என்னான்னு சொல்றது? ‘பெருமாளே, நீ கொஞ்சம் தள்ளி நில்லு, ஈ சாப்புடட்டும்’னா?”

ரசியா சிரித்ததில் முருங்கைமரத்துத் தேனீ ஒன்று அவள் பக்கம் திரும்பியது. அவள் சிரிப்பை நிறுத்தி உள்ளே ஓடி, ஜன்னல் வழியாகப் பேச்சைத் தொடர்ந்தாள்.

“அப்ப சாமிக்கு வேணாத பூவா பாத்து வைங்க கா. தும்ப இருக்கே, தும்ப.”

“அது சிவனுக்கு.”

“எருக்கு?”

“புள்ளையாருக்கு.”

“ஊமத்த? அந்த வெசத்த யாரு கேக்கப் போறாங்க?”

“அதுவும் சிவனுக்குத்தான்.”

“வேப்பம்பூ?”

“அம்மனுக்குப் பாதி, ரசத்துக்குப் பாதி.”

“ஆவாரம்பூ?”

“பொங்கலுக்குக் காப்பு கட்டணும். வேரோட புடுங்கிக்கிட்டுப் போவாங்க.”

“ஒங்க சாமிங்க வேணாம்னு சொன்ன பூவே கெடையாதா கா?”

இரண்டு பேரும் யோசித்தார்கள். தாழம்பூ என்று ஒன்று இருந்தது, ஆனால் தாழம்புதரில் பாம்பு வரும். கடைசியில் ரசியாதான் கண்டுபிடித்தாள்.

“பரங்கிப்பூ. இவ்ளோ பெரிசா இருக்கும். ஒரு பூவுல மூணு ஈ படுத்துத் தூங்கலாம்.”

ஞானாம்பாள் ஒவ்வொரு சாமியாக மனசுக்குள் நிறுத்திக் கேட்டுப் பார்த்தாள். பெருமாள், சிவன், அம்மன், முருகன், ஐயனார். ஒருத்தரும் பரங்கிப்பூ கேட்கவில்லை. அன்றைக்கே வேலியோரம் முழுக்கப் பரங்கி விதை ஊன்றினாள். சாமிகளையெல்லாம் நினைத்தவள் வாசலை மறந்துவிட்டாள்.

*

ஐப்பசியில் மருதாணி மொட்டு விட்டது. தீபாவளி வந்தது. முதல் நாள் மத்தியானம் தெருவில் உள்ள பெண்கள் எல்லாரும் கிண்ணத்தோடு வந்துவிட்டார்கள்.

“ஒரு கைப்புடி போதும் மாமி.”

“கொழுந்தா பறிச்சாத்தான் செவக்கும்.”

கைப்பிடி, கைப்பிடி என்று சாயங்காலத்துக்குள் வேலி குச்சியாக நின்றது. அந்தக் குச்சிக்கு இந்தப் பக்கம் ஞானாம்பாளும் அந்தப் பக்கம் ரசியாவும் ஒருவரை ஒருவர் முழுசாகப் பார்த்துக்கொண்டார்கள்.

“வேலின்னா மறைக்கணும் கா” என்றாள் ரசியா.

“நீதானே மருதாணின்ன.”

“எங்க பெருநாளத்தான் நெனச்சேன். அது பொங்கலையொட்டித்தானே வருது. ஒங்க தீவாளி ஞாபகம் இல்ல.”

கார்த்திகையில் அந்தோணிசாமி வந்து பெட்டியைத் திறந்தார். அடையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அடை வழியாக எதிர்ப்பக்கம் தெரிந்தது.

“பூ இல்லையேம்மா.”

“செடியெல்லாம் இருக்கே.”

“செடி இருக்கு. பூ எங்க?”

ஞானாம்பாள் பூஜை அறைப் பக்கம் பார்த்தாள்.

“சர்க்கரைய பாகு காச்சி வைங்க. உசுரோடவாவது இருக்கட்டும்.”

“ரேஷன்ல குடுக்கிற சர்க்கரை எங்களுக்கே காப்பிக்குப் பத்தலீங்க.”

“அப்ப பொங்கல் கழிச்சி வண்டி கொண்டாந்துடறேன். செதம்பரத்தம்மா சிமெண்டு மேடையே கட்டி வச்சிட்டாங்க.”

அவர் இதை வருத்தமாகத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கு ஞானாம்பாள் பரங்கிக்கொடிக்கு இரண்டு குடம் தண்ணீர் கூடுதலாக ஊற்றினாள்.

ஒரே நம்பிக்கை பரங்கிதான். கொடி மருதாணிக் குச்சிமேல் ஏறி, மஞ்சள் மஞ்சளாக மொட்டு வைத்திருந்தது. மார்கழி முதல் நாள் விடிகாலையில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுப் பெண், கையில் விளக்கு.

“மாமி, கோலத்துல சாணி உருண்ட மேல வைக்கப் பரங்கிப்பூ ஒண்ணு குடுங்க.”

அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு விளக்கு நின்றது. ஞானாம்பாள் தோட்டத்துப் பக்கம் ஓடினாள். அங்கே தேவநாதன் கூடையோடு கொடிக்கு நடுவில் இருந்தார்.

“நம்ம வாசலுக்கு எடுத்துட்டேன். தெருவுக்கும் எடுத்துட்டேன். எல்லா வூட்டு வாசல்லயும் நம்ம பூதான் இன்னிக்கி” என்றார் பெருமையாக.

அந்தப் பக்கம் விளக்கு எரிந்தது. நோன்பு மாதம், ரசியா விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு எழுந்து அடுப்பு மூட்டியிருந்தாள். ஜன்னலுக்கு வந்து பார்த்தாள்.

“சாமி கேக்கலன்னீங்க.”

“சாமி கேக்கல” என்றாள் ஞானாம்பாள். “சாணி உருண்ட கேட்டுச்சி.”

*

அவளுக்கு யோசனை வந்தது அன்றைக்குத்தான். செடியை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. பறிக்கிற ஆளை இடம் மாற்றுவோம். சாதத்தில் மோர் ஊற்றும்போது சொன்னாள்.

“என்னங்க, வருஷா வருஷம் ஆருத்ரா தரிசனத்துக்குப் போயி அன்னிக்கே திரும்பிடறோம். இந்தத் தடவ கொடியேத்தத்துலேர்ந்து தங்கிப் பாத்தா என்னா?”

தேவநாதன் கையில் எடுத்த சாதத்தைத் திரும்ப இலையில் வைத்தார். “நீயா சொல்ற?”

“நடராசரும் இருக்காரு, கோவிந்தராசரும் இருக்காரு. ஒரே செலவு.”

மறுநாளே அவர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். சாவி ரசியாவிடம் போனது.

“ஒரு பூவையும் யாரும் தொடக் கூடாது” என்றாள் ஞானாம்பாள்.

“யாரு வரப் போறாங்க? பெட்டிக்குப் பக்கத்துல கட்டில போட்டுப் படுக்கச் சொன்னா மட்டும் முடியாது.”

சிதம்பரத்தில் விருத்தாம்பாள் வீடு தேரோடும் வீதியை விட்டுத் தள்ளி, பெரிய காம்பவுண்டோடு இருந்தது. வேலி இருந்தது, மட்டம் பார்த்துக் கத்தரித்த வேலி, ஒரு பூ கிடையாது. உள்ளே வரிசையாகக் குரோட்டன்ஸ். அதற்கு நடுவில் தொட்டிகளில் ரோஜா. ஊரில் பொங்கலுக்கு நடக்கும் மலர்க் கண்காட்சியில் இந்த வருஷம் பரிசு தனக்குத்தான் என்று விருத்தாம்பாள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மொட்டுக்கும் ஒரு குச்சி கட்டியிருந்தது.

“அண்ணி, மேடைய பாத்தீங்களா? எறும்பு ஏறாம சுத்தித் தண்ணி நிக்க வாய்க்கா கூட வச்சிட்டேன். பெட்டி எப்ப வருது?”

“பொங்கல் கழியட்டும்” என்றாள் ஞானாம்பாள். அடுத்த அறையில் அவளுடைய ரேடியோ நாகசுரம் வாசித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியுமுன் தேவநாதன் பழக்கம் மாறாமல் எழுந்தார். கூடை இல்லை; துண்டை விரித்துக்கொண்டார். விருத்தாம்பாள் காப்பித் தூக்கோடு கூடத்துக்கு வந்தபோது அவர் துண்டின் நாலு மூலையையும் பிடித்தபடி தோட்டத்திலிருந்து ஏறி வந்தார்.

“அண்ணே, அது என்னா?”

“பூ.”

“எங்கேர்ந்து?”

“ஒன் தொட்டியிலேர்ந்துதான். இவ்ளோ நல்ல பூவ செடியிலயே வுட்டு வச்சிருக்கியே, வாடிப் போயிடுமேன்னு எடுத்தேன். குச்சியெல்லாம் கட்டி வச்சிருந்துது, அவுத்துட்டேன்.”

உள்ளே சடையப்பன் போர்வையை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டு, போர்வையை மறுபடியும் தலைவரை இழுத்துக்கொண்டார்.

ஞானாம்பாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணனும் தங்கையும் முதல் தடவையாக மோதப் போகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அவளுக்கே வெட்கமாக இருந்தாலும், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. இன்னும் ஒரு வாரம் இங்கே இவரைத் தங்க வைத்தால், பெட்டியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அண்ணனைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று நாத்தனாரே கெஞ்சுவாள்.

“அண்ணே” என்றாள் விருத்தாம்பாள். “அது கண்காட்சிக்கு வச்சது. மிச்சம் இருக்கிறத இனிமே தொடாதீங்க.”

“சரிம்மா” என்றார் தேவநாதன்.

அவ்வளவுதான். துண்டை நடையில் வைத்துவிட்டுக் காப்பி குடிக்க உட்கார்ந்தார். கோபமில்லை, வருத்தமில்லை. காப்பிக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை வேண்டும் என்றார். மறுநாள் விடியுமுன் எழுந்து, ரோஜாத் தொட்டிகளைச் சுற்றி நடந்து கோயிலுக்குப் போய், வாசலில் பூ வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு நாத்தனார் வீட்டு மாவையும் ஞானாம்பாள்தான் நைசாக அரைத்தாள். புரட்டாசியிலிருந்து மார்கழி வரைக்கும் அவள் எத்தனை சாமியைக் கூப்பிட்டு விசாரித்தாள், எத்தனை செடி மாற்றினாள். விருத்தாம்பாள் ஒரு வரி சொன்னாள், அவர் ஒரு வார்த்தை சொன்னார், காப்பி ஆறவில்லை.

தரிசனம் முடிந்து மறுநாள் கிளம்புகிற நேரம். விருத்தாம்பாள் அண்ணனைச் சிமெண்டு மேடைக்கு அழைத்துப் போனாள்.

“அண்ணே, பொங்கல் கழிச்சி எதுக்கு? அடுத்த வாரமே பெட்டிய அனுப்பிடுங்க. அண்ணி சும்மாதானே வச்சிருக்காங்க.”

“பாக்கறேன்” என்று தேவநாதன் தலையை ஆட்ட ஆரம்பித்தார்.

“பெட்டி வராது” என்றாள் ஞானாம்பாள்.

குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வண்டிக்குப் பையை எடுத்துப்போன சடையப்பன்கூட நின்றார்.

“ஏன்?” என்றார் தேவநாதன்.

“எனக்கு வேணும்.”

“ஒனக்கு வேணுமா?”

“வேணும்.”

“சரி” என்றார் அவர்.

“என்னாண்ணே, சரிங்கறீங்க?” என்றாள் விருத்தாம்பாள்.

“நீ தொடாதன்ன, சரின்னேன். அவ வேணுங்கறா, சரிங்கறேன். இதுல என்னா இருக்கு?”

“மேடையெல்லாம் கட்டிட்டேனே.”

“தொளசி மாடமா வச்சிக்கம்மா” என்றார் சடையப்பன். விருத்தாம்பாள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் பையோடு வேகமாக வண்டிப் பக்கம் போய்விட்டார்.

*

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த ஞானாம்பாளுக்கு வாய் திறந்தது மூடவில்லை.

“தையல் மெஷினும் எனக்கு வேணும்னுதான் இருந்துது.”

“சொல்லலியே.”

“நீங்க கேக்கலியே.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?”

புதுச்சத்திரத்தில் கூடைக்காரிகள் ஏறி இறங்கினார்கள். அப்புறம் சொன்னாள்.

“இன்னொண்ணு. தோட்டத்துல இனிமே பூ பறிக்காதீங்க.”

“சரி. ஏன்?”

“தேனீக்கு வச்சது அது. பொங்கல் கழிச்சி அந்தோணிசாமி வருவாரு. அடையில தேன் இல்லன்னா நீங்க சரின்னாலும் சங்கத்துல எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க.”

“செம்பருத்தி?”

“தேனீக்கு.”

“நந்தியாவட்ட? தொளசி?”

“எல்லாந்தான்.”

தேவநாதன் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வயலைப் பார்த்தபடி வந்தார். ஆலப்பாக்கம் தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்.

“எனக்கு வச்சன்னு நெனச்சேன். ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஹெட்கிளார்க்குகூட, ஒன் சம்சாரம் மாதிரி உண்டாடான்னாரு.”

ஞானாம்பாளுக்குச் சங்கடமாகிவிட்டது. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். “ஒரு நந்தியாவட்ட செடி மட்டும் பறிச்சிக்கங்க.”

“வேணாம்” என்றார் அவர். “தேனீக்கு வச்சது தேனீக்கே இருக்கட்டும். ஹெட்கிளார்க்கு வந்து பாக்கவா போறாரு.”

ஊர் திரும்பியபோது தோட்டம் அடையாளம் தெரியவில்லை. செம்பருத்தி சிவந்து கிடந்தது. துளசி கதிர்விட்டு நின்றது. பரங்கிக்கொடி மருதாணியை மூடி இரண்டு பக்கமும் மஞ்சளாக வழிந்தது. அடியில் மருதாணியும் துளிர்த்து, அங்கங்கே வெள்ளையாக ஒன்றிரண்டு கொத்து வைத்திருந்தது. பூவுக்குப் பூ தேனீ.

“கோலத்துக்குக் கேட்டு வந்த புள்ளைங்ககிட்ட என்னா சொன்ன?” என்று ரசியாவைக் கேட்டாள்.

“கொடிக்குள்ள பாம்பு இருக்குன்னேன். நோம்பு வச்சிக்கிட்டுப் பொய் சொல்ல வச்சிட்டீங்க கா. ஒங்க கணக்குல எழுதச் சொல்லியிருக்கேன்.”

அதற்கப்புறம் பொய்க்குத் தேவை இருக்கவில்லை. தேவநாதனுக்கு விடியுமுன் எழுகிற பழக்கம் போகவில்லை. பறிக்கத்தான் வேலை இல்லை. அதனால் காவல் காத்தார். ஈர வேட்டியோடு வேலிக்கும் கிணற்றுக்கும் நடுவில் உலாத்துவார். கோலக்காரப் பெண்கள் வாசல் திரும்பும்போதே, “தேனீக்கு வச்சிருக்கும்மா, செம்மண்ணுல பூ மாதிரி எழுதிக்கங்க” என்பார். ஒரு நாள் ஞானாம்பாளே பொரியலுக்கு நாலு பரங்கிப்பூ கிள்ளப் போனாள்.

“தொடாத” என்றது பின்னால் ஒரு குரல்.

“நாலே நாலுங்க.”

“நாலு பூவுன்னா எத்தினி தேனீக்குச் சாப்பாடு, தெரியுமா? நீதானே சொன்ன.”

ரசியா பெருநாளைக்கு முதல் நாள் கிண்ணத்தோடு வந்தாள். வேலியில் அவள் பக்கத்துக் கிளையைத்தான் தொட்டாள். தேவநாதன் அப்படியே வந்து எதிரில் நின்றார்.

“அண்ணே, இது என் பக்கம்.”

“வேரு நடுவுல இருக்கும்மா.”

“கா,” என்று ரசியா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள், “ஒரு போலீச கொண்டாந்து விட்டிருக்கீங்க. புள்ளைங்களுக்குக் கை செவக்கணும், வந்து ஜாமீன் எடுங்க.”

ஞானாம்பாள் வந்து, பூ இல்லாத கிளையாகக் காட்டி, புருஷனை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னாள். ரசியா கைப்பிடி என்றால் கைப்பிடியோடு நிறுத்திக்கொண்டாள். தேவநாதன் திரும்பாமலே, “கொழுந்த விட்டுடும்மா” என்று இரண்டு தடவை சொன்னார்.

பொங்கல் முடிந்து அந்தோணிசாமி வந்தார். சைக்கிளுக்குப் பின்னால் ஒரு கட்டைவண்டியும் வந்து தெருமுனையில் நின்றது. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, ஞானாம்பாள்தான் பார்த்தாள்.

“செதம்பரத்தம்மா திரும்பவும் ஆள் விட்டிருந்தாங்க” என்றார், மூடியைத் தளர்த்திக்கொண்டே.

“பெட்டி வேணாம்னு சொல்றதுக்கா?” என்று ஞானாம்பாள் கேட்டாள்.

“இல்ல. பெட்டி காலியா இருந்தா மட்டும் அனுப்புன்னு.”

ரசியா கிணற்றுக்குப் பின்னால் நின்றாள். தேவநாதன் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து எடுத்து வந்திருந்தார். புகை போட்டு அந்தோணிசாமி முதல் அடைச் சட்டத்தைத் தூக்கினார். காலி. இரண்டாவது காலி. ஞானாம்பாள் பெட்டியின் மேல் எழுதியிருந்த தன் பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது சட்டத்தை அவர் வெளிச்சத்தில் பிடித்தபோது எதிர்ப்பக்கம் தெரியவில்லை. ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு தேனுக்கு மேல் வெள்ளையாக மெழுகு மூடி போட்டிருந்தது.

“இருக்கு” என்றார்.

“இருக்கா?”

“கொஞ்சந்தான். இருந்தாலும் இருக்கு, இல்லன்னு எழுத முடியாது.” தெருமுனையைப் பார்த்துக் கையை அசைத்தார். வண்டிக்காரன் மாட்டைத் திருப்பினான்.

தேவநாதன் கிண்ணத்தை நீட்டினார். “சாமிக்கு அபிஷேகத்துக்கு.”

“சார், இது தேனீக்கே பத்தாது. எடுத்தா செத்துப் போயிடும். மாசி, பங்குனியில பாத்துக்கலாம்.” அந்தோணிசாமி சட்டத்தின் மேல்கட்டையில் தேனீ இடம் தப்பிக் கட்டியிருந்த ஒரு துண்டு அடையைக் கத்தியால் வழித்தார். அதில் பொட்டளவு தேன் இருந்தது. “வேணும்னா இத வச்சிக்கங்க.”

கத்தி முனை புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. தேவநாதன் கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்.

“மொதல்ல எனக்கு” என்றாள் ஞானாம்பாள்.

கிணற்றுக்குப் பின்னால் ரசியா வாயைப் பொத்திக்கொண்டாள். தேவநாதன் கிண்ணத்தைப் பார்த்தார், பெட்டி மேல் இருந்த பெயரைப் பார்த்தார்.

“சரி” என்றார்.

அவள் சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

“எப்பிடி இருக்கு?” என்றார் தேவநாதன்.

“இருங்க, சரியாத் தெரியல” என்று சொல்லி, அவள் மறுபடியும் விரலை வைத்தாள்.